பாவாடை நாடாவும் நாலு மாத்திரையும்

இட்லிக்கடை வைத்திருப்பவள் மாத்திரைக்கு மார்க் போடலாமா என்று கேட்டால், போடலாம் என்றுதான் சொல்வேன். போன வருடம் சித்திரையில் எனக்கு வந்த படர்தாமரை, வீட்டில் எல்லோர் மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனது. ஆளுக்கொரு மருந்து. கணக்கு நோட்டில் காய்கறி, எண்ணெய், விறகு என்று எழுதுகிற பக்கத்திலேயே மருந்துச் செலவையும் எழுதி வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் "எந்த மாத்திரைக்கா கேட்டுச்சு?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் மீதியைக் கேட்காமல் மருந்துக்கடைக்கு நடந்துவிடுவார்கள். அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கடை மதுரையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் பதினோரு மணி வரை ஆவிக்கு முன்னால்தான் நிற்பேன். வியர்வை முழுக்க இடுப்பில் இறங்கிப் பாவாடை நாடாவில் தேங்கும். நாடா அழுத்துகிற இடத்தில் முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம். ஓரம் சிவந்து மேடாக, நடுவில் தோல் சாதாரணமாக. பத்து நாளில் அது ஐந்தாறு வட்டமாகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒட்டியாணம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இடுப்பைச் சொறிந்துகொண்டே யாருக்கு இட்லி எடுத்து வைப்பது? கரண்டிக் காம்பால் புடவைக்கு மேல் தேய்த்துக்கொள்வேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் அன்றிலிருந்து கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

அம்மா சீமையகத்தி இலையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தார். அரிப்பு அடங்கியது, வட்டம் போகவில்லை. அதற்கு மேல் அந்த இலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்துச் செய்ததுதான் பெரிய தப்பு. தெருமுனை மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டேன். பெட்டியில் நாலைந்து மருந்தின் பெயர் சேர்த்து அச்சடித்திருந்தது. இத்தனை மருந்து இருந்தால் ஒன்றாவது கேட்காதா என்று நினைத்தேன். முதல் ராத்திரியே அரிப்பு நின்றுவிட்டது, அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நாலைந்தில் ஒன்று குளோபெட்டசால். கடுமையான ஸ்டீராய்டு. அது தோலின் எதிர்ப்பை அமுக்கி அரிப்பை நிறுத்துகிறது, படர்தாமரையை உண்டாக்குகிற பூஞ்சைக்கோ அது வீட்டுக்காரன் ஊருக்குப் போன மாதிரி. பூசினால் மறையும், விட்டால் இரண்டு மடங்காக வரும். இப்படியே ஐந்து மாதம், பதினாலு டியூப். வட்டத்தின் ஓரம்கூடக் கலைந்துபோய், பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. இடுப்புத் தோலில் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் விழுகிற மாதிரிக் கோடுகள் விழுந்தன. அவை இன்றைக்கும் இருக்கின்றன. இந்த ரக ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே அரசு விதியை இறுக்கிவிட்டதாம். என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. நானும் கேட்டு வாங்கினவள்தானே. அந்த டியூப்புக்கு மார்க் பூஜ்யத்துக்குக் கீழே.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

முதல் மாத்திரை ஃபுளூகோனசோல், 150 மில்லிகிராம், வாரத்துக்கு ஒன்று. இதுவும் அதே கடையில் வாங்கியதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்று போட்டால் அடுத்த ஞாயிறு வரை மறந்துவிடலாம். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்ற வம்பு கிடையாது, வெறும் வயிற்றிலும் வேலை செய்யும். விலையும் கம்மி. என்னை மாதிரி நேரத்துக்குச் சாப்பிடாத ஜென்மத்துக்கு இதைவிட வசதியான மாத்திரை இல்லை. ஆறு வாரம் போட்டேன். மூன்றாவது வாரம் செதில் உதிர்ந்து தோல் வெளுத்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மாத்திரை தீர்ந்த பதினைந்தாம் நாள் அதே இடத்தில் அதே வட்டம். வசதிக்குப் பத்துக்குப் பத்து, வேலைக்கு மூன்று. பிற்பாடு கேட்டபோது, வாரம் ஒன்று என்கிற கணக்கு பழைய கணக்கு, இப்போதைய படர்தாமரைக்கு அது காணாது, கொடுத்தாலும் தினசரி கொடுக்க வேண்டும் என்றார் தோல் டாக்டர்.

அந்த டாக்டரம்மாவிடம் போகவே எனக்குக் கார்த்திகை ஆகிவிட்டது. போனதும் பழைய பிளேடு மாதிரி ஒன்றால் வட்டத்தின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, உதிர்ந்ததைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சேமியாவை நீட்டிப் போட்ட மாதிரி நூல் நூலாக இருந்தது. மாவு புளிப்பதற்கு நுண்ணுயிர்களின் தயவில் பிழைக்கிறவள் நான். அதன் சொந்தக்காரன் ஒருத்தன் என் தோலைத் தின்று வாழ்கிறான் என்று பார்த்தபோது கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது.

முன்பெல்லாம் இரண்டு வாரம் மாத்திரை போட்டால் போய்விடும் நோய்தானே, இப்போது மட்டும் ஏன் என்று கேட்டேன். பூஞ்சையே மாறிவிட்டது என்றார். நம் நாட்டில் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பரவுகிற இந்த வகைக்கு 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்களாம். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் வரைக்கும் போய்விட்டதாக 2023-ல் செய்தி வந்தது. டெர்பினஃபின் என்ற மருந்து எந்த நொதியைப் பிடித்து நிறுத்துமோ அந்த நொதியையே இது மாற்றிக்கொண்டுவிட்டதால், பலருக்கு அந்த மருந்து பிடிப்பதில்லை. அப்புறம் கேட்டார்: "வீட்ல வேற யாருக்கு இருக்கு?" தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிவரச் சொன்னார்.

எனக்கு எழுதியது இட்ராகோனசோல், 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல், காலை ஒன்று ராத்திரி ஒன்று, கூடவே பூச ஒரு களிம்பு. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்த பிறகுதான் சீட்டே எழுதினார். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன்.

ஐந்து வாரம் ஒழுங்காகப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வட்டம்கூட ஒதுங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "விலைதான் அதிகம், மாத்திரை தண்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இதை எழுதியிருந்தால் ஒரு மார்க் போட்டிருப்பேன்.

என் அக்கா மகள் பி.பார்ம் படித்துவிட்டுத் திருச்சியில் வேலை பார்க்கிறாள். மார்கழியில் வந்தவள் விடியற்காலையில் என்னோடு கடைக்கு வந்தாள். ஐந்து மணிக்கு நான் வரக்காப்பியோடு கேப்ஸ்யூலை விழுங்குவதைப் பார்த்தாள்.

"சித்தி, இதைச் சாப்பாட்டுக்கு அப்புறம்ல போடணும்?"

"காப்பி குடிச்சுட்டுத்தானே போடுறேன்."

"காப்பி சாப்பாடா? அது என்ன, முன்னாடி ஒண்ணு போட்டீங்களே?"

"அதுவா, அது கேஸ் மாத்திரை. அது மாத்திரை இல்லடி."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நாலு வருடமாகத் தினமும் எழுந்ததும் பான்டோபிரசோல் போடுகிறேன். அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை, பல் தேய்க்கிற மாதிரி ஒரு பழக்கம். டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்று சொன்னது பொய்யும் இல்லை, மறதியும் இல்லை. எனக்கு அது மருந்து என்றே படவில்லை.

இட்ராகோனசோல் லேசில் தண்ணீரில் கரையாத சாமான். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும், கரைந்தால்தான் ரத்தத்துக்குப் போகும். சாப்பாடு வயிற்றில் விழும்போதுதான் அமிலமும் நன்றாகச் சுரக்கும். நானோ விடிந்ததும் முதல் வேலையாகக் கேஸ் மாத்திரையால் அமிலத்தை அணைத்துவிட்டு, வெறும் வயிற்றில் கேப்ஸ்யூலைப் போட்டு, கரையாமலே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு இட்லி வேகவில்லை என்று மாவைத் திட்டின கதை.

அன்றைக்கே அவள் இன்னொன்றும் செய்து காட்டினாள். ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து எவர்சில்வர் தட்டில் கொட்டினாள். உள்ளே பொடி இல்லை, கசகசா மாதிரிக் குட்டிக் குட்டி உருண்டைகள். சர்க்கரை உருண்டை மேல் மருந்தைப் பூசிச் செய்கிறார்களாம். நான் இடையில் விலை குறைவாக இருக்கிறது என்று வேறு கம்பெனி அட்டை ஒன்று வாங்கியிருந்தேன். அதையும் பிரித்தாள். உருண்டை பெரிது பெரிதாக, அளவு ஒன்றுக்கொன்று ஒட்டாமல், எண்ணிக்கையும் குறைவாக இருந்தது. உருண்டை சிறிதாகவும் நிறையவும் இருந்தால் மருந்து கரைகிற பரப்பு அதிகம். நம் நாட்டுத் தோல் மருத்துவர்களே பல கம்பெனிக் கேப்ஸ்யூல்களைப் பிரித்து உருண்டையை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றாள். ரவையில் கட்டி பார்த்து வாங்குகிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது. அதற்காக நீங்கள் வீட்டில் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டிப் போட வேண்டாம். டாக்டர் சொன்ன கம்பெனியைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் ஒரு வார்த்தை கேளுங்கள், அவ்வளவுதான்.

திரும்பவும் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், சிரித்துவிட்டார். இப்போது சூபா இட்ராகோனசோல் என்று ஒரு புது வகை வருகிறது, வயிற்று அமிலத்தை அவ்வளவாக நம்பியிருக்காது, 50 மில்லிகிராமே பழைய 100-க்கு ஏறத்தாழ ஈடு, ஆனால் விலை கூடுதல் என்றார். நான் பழையதிலேயே நிற்கிறேன், கேஸ் மாத்திரையை விட்டுப் பார்க்கிறேன் என்றேன். வரக்காப்பியை நிறுத்தினேன், பதினோரு மணிக்குக் கடை ஏறக்கட்டிய பிறகு நாலு இட்லியாவது உட்கார்ந்து சாப்பிட்டு முதல் கேப்ஸ்யூல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவது. இருபது வருடத்தில் முதல் முறையாக என் கடை இட்லியை நான் சூடாகச் சாப்பிட்டது அந்தக் கேப்ஸ்யூலால்தான். நெஞ்செரிச்சலும் தன்னால் பாதி குறைந்தது. காரணம் காப்பிதான் போலிருக்கிறது.

இரண்டாவது வாரம் அரிப்பு போனது. ஐந்தாவது வாரம் மேடு தட்டையானது. எட்டாவது வாரம் கறுப்புத் தழும்பு மட்டும். தழும்பைப் பார்த்து நோய் போகவில்லை என்று பயப்பட வேண்டாம், விட்டுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம் என்று சொல்லி மேலும் இரண்டு வாரம் நீட்டினார். கையால் தடவினால் சொரசொரப்பு இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் அடையாளம். மொத்தம் பத்து வாரம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 ரூபாய் ஆனது. கடைசியில் கால் லேசாக வீங்கியது, காட்டியதும் ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார், சரியானது. என் இடுப்புக்கு இட்ராகோனசோல் பத்துக்கு ஒன்பது. மாசிக்குப் பிறகு இன்று வரை திரும்ப வரவில்லை. ஒரு மார்க்கைப் பிடித்தது அது நம்மிடம் கேட்கிற கண்டிப்புக்காக.

எங்கள் வீட்டுக்காரர் கதை வேறு. அவருக்குத் தொடை இடுக்கில். வெளியே சொல்ல வெட்கப்பட்டு என்னைவிட மூன்று மாதம் கூடுதலாக மறைத்து வைத்திருந்தவர். அவருக்குக் கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாட்டின் ஓடுகிறது. இட்ராகோனசோலைக் கூடப் போட்டால் ஈரலில் அடோர்வாஸ்டாட்டின் உடைகிற வழி அடைபட்டு, ரத்தத்தில் ஏறி, தசையையே கெடுக்கலாம் என்பதால் அவருக்கு டெர்பினஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று.

இந்த மாத்திரைக்கு ஒரு பெருமை உண்டு. மற்ற மாத்திரைகளோடு அவ்வளவாகச் சண்டை போடாது. போடுகிற முறையும் எளிது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் ஒரு வாத்தியார், "அக்கா, சாம்பார்ல உப்பு தூக்கலா இருக்கே" என்றார். மறுநாள் இன்னும் இரண்டு பேர். எங்கள் கடையில் சாம்பார் ருசி பார்ப்பது என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் நாக்கில் பட்டுத்தான் சாம்பார் வெளியே போகும். நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். கடல் தண்ணீர்.

"என்னங்க, இது உப்பா தெரியலையா?"

"சப்புனு இருக்கேன்னு இன்னொரு கை போட்டேன்" என்றார்.

டெர்பினஃபினுக்கு இப்படி ஒரு பக்க விளைவு உண்டு, சிலருக்கு நாக்கு ருசி போய்விடும். பெரும்பாலும் நிறுத்திய சில வாரங்களில், சிலருக்கு மாதங்களில், திரும்பும். வேறு எந்தத் தொழில் செய்கிறவராக இருந்தாலும் மெதுவாகத்தான் கண்டுபிடித்திருப்பார். எங்களுக்கு மூன்றே நாளில் நாலு வாடிக்கை போனது. சாம்பார் பொறுப்பு அன்றோடு என் கைக்கு வந்தது. அவர் சட்னி அரைக்கப் போனார், அது அவருக்கு இன்று வரை மானப் பிரச்சினை. நோயும் பாதிதான் போயிருந்தது. டாக்டரம்மா அந்த மாத்திரையை நிறுத்தி, இருதய டாக்டரிடம் எழுதிக் கேட்டு, அடோர்வாஸ்டாட்டினை ரோசுவாஸ்டாட்டினாக மாற்ற வைத்தார். அது இட்ராகோனசோலோடு அவ்வளவாக மோதாதாம். அதன் பிறகு அவருக்கும் இட்ராகோனசோல், எட்டு வாரம். போய்விட்டது. ருசி திரும்ப ஏழு வாரம் ஆனது. எப்படித் தெரிந்தது என்றால், ஒரு ராத்திரி என் ரசத்தைக் குறை சொன்னார்.

எங்கள் வீட்டுச் சண்டையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொன்னால் நியாயமில்லை. வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இந்த மூன்று மருந்தையும், கிரிசியோஃபல்வின் என்ற பழைய பூஞ்சை மருந்தையும் மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், 2020-ல் வெளியானது. 200 நோயாளிகள், மருந்துக்கு 50 பேர், எல்லாம் தினசரி மாத்திரை. நாலாவது வாரத்தில் எந்த மருந்திலும் 100-க்கு 8 பேருக்கு மேல் குணமாகவில்லை. எட்டாவது வாரத்தில் இட்ராகோனசோலில் 66 சதவீதம், ஃபுளூகோனசோலில் 42, டெர்பினஃபினில் 28, கிரிசியோஃபல்வினில் 14. அக்கா மகள் போனில் இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு முதலில் பட்டது அந்த நாலாவது வாரம்தான். மூன்று வாரம் போட்டுவிட்டு "கேக்கலை" என்று கடை மாறுகிறோமே, அப்போது எந்த மாத்திரையுமே கேட்டிருக்காது. ஜெயித்த மருந்திலும் மூன்றில் ஒருவர் மிச்சம் நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எனக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

அந்தப் பட்டியலில் கடைசியில் இருக்கிற கிரிசியோஃபல்வினை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். கொழுந்தன் மகன், ஏழு வயது, கடைக்கு வந்த பூனைக்குட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். உச்சந்தலையில் எட்டணா அளவுக்கு முடி ஒடிந்து, வெள்ளைச் செதிலோடு ஒரு சொட்டை. அவனையும் எங்களோடு சேர்த்துப் படர்தாமரைக் கணக்கில்தான் கூட்டிப்போனோம். டாக்டரம்மா அறையை இருட்டாக்கி ஒரு ஊதா விளக்கை அடித்தார். சொட்டை பச்சையாக மின்னியது. பையன் தன் தலையைப் பார்க்க முடியவில்லையே என்று அழுதான். இது உங்கள் இடுப்பில் இருக்கிற பூஞ்சை இல்லை, மைக்ரோஸ்போரம், பூனையிடமிருந்து வந்திருக்கும், இதற்கு அந்தப் பழைய மருந்துதான் சரி என்று கிரிசியோஃபல்வின் எழுதினார். எடைக்குத் தக்க அளவு, எட்டு வாரம். தலைக்குக் களிம்பு மட்டும் போதாது, பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் மாத்திரை கட்டாயம்.

1939-ல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்தே எடுத்த மருந்து இது. பூஞ்சையை அடக்கப் பூஞ்சை. கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும். நெய் விட்ட பொங்கலுக்குப் பின் ஒன்று என்று வைத்தோம், பையன் எட்டு வாரமும் எதிர்ப்பே காட்டவில்லை. மாத்திரையைவிடப் பொங்கலில்தான் கண். இரண்டு நாள் தலைவலி என்றான், தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். முடி முழுக்க வந்துவிட்டது. இடுப்புக்கு 14 சதவீதம் வாங்கின மாத்திரை, இவன் தலைக்குப் பத்துக்குப் பத்து. பெரியவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிகள் தொடவே கூடாது, ஆண்கள் இதைச் சாப்பிடும்போதும் நிறுத்தி ஆறு மாதம் வரையும் பிள்ளைக்கு முயலக்கூடாது, மது அருந்துகிறவர்களுக்கு முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். பூனைக்குட்டியையும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அதற்கும் மருந்து கொடுத்தார்கள், அதை விழுங்க வைத்த கதை தனி.

அத்தைக்கு வந்தது கழுத்தில், சின்னதாக ஒன்றே ஒன்று. ஆனால் அவருக்கு இருதயம் பலவீனம், கால் வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர். இட்ராகோனசோல் இருதயத் தசையின் பலத்தைக் குறைக்கக்கூடியது, இருதயம் பலவீனமானவர்களுக்குத் தோல் நோய்க்காக அதைக் கொடுக்கவே கூடாது. இவருக்கு மாத்திரையே வேண்டாம், களிம்பு போதும் என்றார் டாக்டரம்மா. வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அளவுக்குப் பூச வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். "எல்லாருக்கும் மாத்திரை, எனக்கு மட்டும் மை" என்று அத்தைக்கு ஒரு வாரம் கோபம். நான் மிச்ச கேப்ஸ்யூலை அவருக்கு ஒன்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. கொடுக்க நினைத்தவள்தான் நான்.

பூஞ்சைக்குக் கொடுக்கிற இன்னொரு மாத்திரை கீட்டோகோனசோல், அதைப் பற்றி ஒரு வரி. கடைக்கு வருகிற லாரிக்காரர் ஒருவர் பையில் பழைய சீட்டோடு வைத்திருந்தார். ஈரலைக் கெடுக்கிறது என்று 2013-லேயே ஐரோப்பாவில் நிறுத்தச் சொன்னார்கள், அமெரிக்காவிலும் தோலுக்கும் நகத்துக்கும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். பொடுகு ஷாம்பூவில் இருக்கிற கீட்டோகோனசோல் வேறு விஷயம், அது தலையோடு போய்விடும்.

துணி விஷயத்தில் நான் மாற்றியது அதிகமில்லை. பாவாடை நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டை தைத்துக்கொண்டேன், இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டுகிற இடத்தைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றுகிறேன். கடை முடிந்ததும் குளித்துத் துடைத்து ஈரம் போன பிறகே உடுத்துகிறேன். துண்டு ஆளுக்கொன்று. பாவாடை, உள்ளாடையெல்லாம் சுடுதண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் உள்புறம் வெளியே தெரியப் போடுகிறேன். பக்கத்து வீட்டில் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

எங்கள் கடையில் மாவு அரைக்கிற அக்காவுக்குக் கால் பெருவிரல் நகம் மூன்று வருடமாக மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. என் கதையைக் கேட்டு எனக்கு எழுதிய இட்ராகோனசோலே வேண்டும் என்றார். நான் பிடிவாதமாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். நகத் துணுக்கை வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள், நாலு வாரம் ஆனது. வந்தது இண்டோடினியே இல்லை, பழைய டிரைகோஃபைட்டான் ரூப்ரம். அதனால் அவருக்கு டெர்பினஃபின், பன்னிரண்டு வாரம், இலவசமாகவே கிடைத்தது. எங்கள் வீட்டுச் சாம்பாரைக் கெடுத்த அதே மாத்திரைதான். ருசி போனால் உடனே சொல்லுங்கள் என்று தினமும் நாக்கை விசாரித்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. பங்குனியில் மாத்திரை முடிந்தபோது நகம் அப்படியே இருந்தது, பணம் போகாவிட்டாலும் நம்பிக்கை போய்விட்டது அவருக்கு. அடியிலிருந்து நல்ல நகம் தள்ளிக்கொண்டு வர வேண்டும், மாத்திரை நின்ற பிறகும் அது நகத்துக்குள் மாதக்கணக்கில் இருந்து வேலை செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது ஆடி. அடியிலிருந்து பாதி நகம் இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது. கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே காலை நீட்டிக் காட்டினார். மீதிப் பாதி வர தை ஆகும் போலிருக்கிறது.